ஒரே பாவில் இரண்டு பாவாடை

பிள்ளை பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தர வேண்டும் என்று, உங்களை வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பும் ஆபீஸ்காரப் பெண் போன வாரம் என் வீடு தேடி வந்தாள். வெயிலுக்கு என்ன, மழைக்கு என்ன, திருவிழாவுக்கு என்ன, நம்மைப் போல வேலை செய்கிறவர்களோடு எப்படிப் பழகுவது என்று "டிப்ஸ் மாதிரி கொடுங்க மேடம்" என்றாள். முப்பது வருஷம் வேலை பார்த்த எந்த வீட்டிலும் என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அந்த மயக்கத்தில் சரி என்று தலையாட்டிவிட்டேன். உங்களில் ஒருத்தி ஜெர்மனிக்கே போகிறாளாம், அங்கே ஒரு வீட்டில் தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள. அவளும் இதைப் படிக்கட்டும். ஊர் மாறினாலும் குழந்தை குழந்தைதான்.

முதலில் டிப்ஸ். சித்திரை வெயிலில் குழந்தைக்குப் பட்டு உடுத்தாதீர்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டில் பிறந்த நானே சொல்கிறேன். வீட்டுக்காரர்கள் கேட்கவில்லை என்றால் உள்ளே பருத்திச் சட்டை ஒன்று போட்டுவிட்டு, போட்டோ எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். ஆடியில் காற்றோடு மண் வரும். கண்ணைக் கசக்க விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஐப்பசி மழையில் தெருவில் தேங்கிய தண்ணீரில் இறக்காதீர்கள், எவ்வளவு அழுது புரண்டாலும். மார்கழியில் விடியற்காலை வெளியே தூக்கிப்போனால் காதை மூடுங்கள். டிப்ஸ் முடிந்தது. இதெல்லாம் உங்கள் போனிலேயே வரும்.

வைகாசிக்கு மட்டும் என்னிடம் டிப்ஸ் கிடையாது. வைகாசியில் எனக்கு நடந்த ஒன்று இருக்கிறது. சில வருஷம் ஆகிவிட்டது.

அப்போது நான் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகை வியாபாரி வீட்டில் தங்கி வேலை பார்த்தேன். குழந்தை பெயர் யாழினி, இரண்டரை வயது. நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது என் கையில் கொடுத்தார்கள். அவள் அம்மா நித்யா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்புவாள். நல்ல பெண். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் குழந்தையைத் தேடுவாள். பாதி நாள் குழந்தை தூங்கியிருக்கும்.

சாயங்காலங்களில் பூங்காவில் நாங்கள் ஆறு பேர் கூடுவோம், எல்லோரும் பிள்ளை பார்க்கிறவர்கள். ஒருவரை ஒருவர் வேலை பார்க்கும் வீட்டை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் ஜரிகை வீடு. ஒருத்தி டாக்டர் வீடு. ஒருத்தி மாடி வீடு. "ஜரிகை வீடு, உம்பொண்ணு மண்ணத் தின்றா பாரு" என்று குரல் வரும். ஒருத்தி டீ குடிக்கப் போனால் இன்னொருத்தி இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொள்வாள். "போய்ட்டு வரேன்" என்றுகூடச் சொல்ல மாட்டோம், கண்ணைக் காட்டினால் போதும். எங்கள் ஒற்றுமையில் எனக்கு ரொம்பப் பெருமை அப்போது.

அந்த வருஷம் வைகாசியில் பெருமாள் கோயில் கருட சேவைக்காக யாழினிக்குப் புதுப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள். கடைத் துணி இல்லை, சொல்லி நெய்தது. கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை, கரை முழுக்க மயில்கண் வேலைப்பாடு. நெசவாளர் வீட்டில் பிறந்த எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. முகத்தை மறந்துவிடுவோம், துணியை மறக்க மாட்டோம். "போன மாசம் வந்தாங்களே, மாம்பழக் கலர்ல கோபுரக் கரை கட்டினு, அவங்க" என்றுதான் ஆளைச் சொல்வோம். இந்தப் பாவாடையை உடுத்தினால் எவ்வளவு கூட்டத்திலும் என் குழந்தையைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நான் நித்யாவிடம் வாய்விட்டே சொன்னேன்.

கருட சேவையன்று ஊரே விடிவதற்கு முன்னால் எழுந்துவிடும். நித்யா வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். அவள் லீவு போட்டுவிட்டு அடுப்படியில் நின்றாள். நாங்கள் ஆறு பேரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் சாமி பார்த்துவிட்டு, காந்தி ரோட்டில் பூட்டியிருந்த ஒரு கடையின் வாசலில் பாய் விரித்தோம். மணி எட்டு இருக்கும். சீக்கிரம் எழுப்பிய குழந்தைகள் வரிசையாகத் தூங்கிவிட்டன. எனக்குத் தொண்டை வறண்டது. டாக்டர் வீட்டுக்காரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு மோர் கொடுக்கிற பந்தலுக்குப் போனேன்.

திரும்பி வரும்போது கூட்டம் நெரிய ஆரம்பித்திருந்தது. வழியை ஒதுக்க வேண்டும், பாயைச் சுருட்டுங்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் அவரவர் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாயின் ஓரத்தில் கிளிப்பச்சை, அரக்குக் கரை, மயில்கண். குப்புறப் படுத்துத் தூங்கியது. அள்ளித் தோளில் போட்டு, வெயிலுக்குத் துண்டால் தலையை மூடி, சந்துக்குள் புகுந்து வீட்டைப் பார்க்க நடந்தேன்.

தோளில் கனம் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. காலையில் பால் குடிக்காமல் வந்துவிட்டாள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். துண்டுக்குள்ளிருந்து மருக்கொழுந்து வாசனை வந்தது. நான் வைக்கவில்லை. டாக்டர் வீட்டுக்காரி வைத்துவிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கைக்கும் மூக்கிற்கும் தெரிந்துவிட்டது, என் மண்டைதான் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தது. பெண்களே, குழந்தை விஷயத்தில் நீங்களே உங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறீர்கள் என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

வீட்டு கேட்டைத் திறக்க ஒரு கை வேண்டியிருந்தது. குழந்தையைத் தோள் மாற்றினேன். துண்டு நழுவியது. வேறு ஒரு முகம்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. குழந்தையின் முகம் வீங்கிவிட்டதோ, பூச்சி ஏதாவது கடித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன் என்றால் நம்புவீர்களா. அப்புறம்தான் உறைத்தது. என் தோளில் இருப்பது யாரோ பெற்ற பிள்ளை. எங்கள் பிள்ளை அந்தக் கூட்டத்தில் எங்கேயோ கிடக்கிறது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே அடுப்படியிலிருந்து நித்யாவின் குரல் கேட்டது. "அக்கா, வந்துட்டீங்களா? பாப்பா தூங்கிட்டாளா?"

"ஒரு சாமான் விட்டுட்டேன்மா, இதோ எடுத்துக்கினு வரேன்" என்றேன். சாமான் என்று சொன்னேன். வாயில் அதுதான் வந்தது.

திரும்பி ஓட ஆரம்பித்தேன். இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சந்து முனையில் ஒரு வீட்டு வாசல் நிழலாக, சுத்தமாக இருந்தது. இந்தக் குழந்தையை அங்கே படுக்க வைத்துவிட்டு ஓடினால் இரண்டு மடங்கு வேகமாகப் போகலாம் என்று தோன்றியது. அதோடு, அந்தச் சமயம் ஊரில் எல்லோர் போனிலும் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு புரளி சுற்றிக்கொண்டிருந்தது. வேற்றுக் குழந்தையோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாசலில் குனியக்கூடச் செய்தேன். குழந்தை தூக்கத்தில் என் ஜாக்கெட் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. விரல்களைப் பிரிக்க மனசு வரவில்லை. நிமிர்ந்து அதைத் தூக்கிக்கொண்டே ஓடினேன்.

காந்தி ரோடு திரும்பும் இடத்தில் குழந்தை கண் விழித்தது. என் முகத்தைப் பார்த்தது. வீறிட்டு அழுதது.

ஒரு ஆள் வழியை மறித்தார். "யார் புள்ளமா இது?"

"எங்க வீட்டுப் புள்ளதான்பா. தூக்கக் கலக்கத்துல அழுவுது."

பொய் வாயிலிருந்து விழுந்த அதே நேரம் குழந்தை "அம்மா கிட்ட போணும், அம்மா கிட்ட போணும்" என்று என் நெஞ்சில் உதைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தது. நாலு பேர் திரும்பினார்கள். நாலு பேர் பத்து பேர் ஆனார்கள். யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு பெண் என் தோளைப் பிடித்து இழுத்ததில் ஜாக்கெட் கை கிழிந்தது. "மூஞ்சியப் பாரு, திருட்டு முழி முழிக்கிறா" என்று ஒரு குரல். எனக்கு ஐம்பத்தாறு வயது. அதுவரை இந்த ஊரில் யாரும் என்மேல் கை வைத்ததில்லை.

இன்னும் ஒரு பொய் சொன்னால் அடி விழும் என்று புரிந்தது. முதலில் மறித்த ஆளின் கையைப் பிடித்தேன். "இது எம்புள்ள இல்லபா. நான் புள்ள பாக்குற வேலை செய்யறவ. மாத்தித் தூக்கினு போய்ட்டேன். நான் பாத்துக்கிற புள்ளய அங்க விட்டுட்டேன். எங்கூட வாங்க. இந்தப் புள்ளய நீங்களே வேணா தூக்கிக்கோங்க. அந்தக் கடை வாசல் வரைக்கும் என்னக் கூட்டினு போங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். குழந்தையை வாங்கவில்லை. "நட" என்றார். அவர் முன்னால், நான் நடுவில், பின்னால் முப்பது பேர். திருவிழாக் கூட்டம் விலகி வழிவிட்டது. யாரையாவது கூப்பிடலாம் என்றால் டாக்டர் வீட்டுக்காரியின் நம்பர் என்னிடம் இல்லை. அவள் பெயரே எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் தினம் பக்கத்தில் உட்கார்ந்து தின்றிருக்கிறோம். அந்த வேளையில் அது எனக்கு உறைத்த மாதிரி எந்த எதிரிக்கும் உறைக்க வேண்டாம். நீங்கள் கூடிப் பழகுங்கள், சிரியுங்கள், தின்பதைப் பங்கு போடுங்கள். முதல் நாளே பெயரையும் நம்பரையும் வாங்கிவிடுங்கள். குழந்தையை விட்டுப் போகும்போது கண்ணைக் காட்டாதீர்கள், கையைத் தொட்டு "இவ இனிமே உம் பொறுப்பு" என்று சொல்லி, அவள் "சரி" என்று சொல்வதைக் காதால் கேட்டுவிட்டுப் போங்கள்.

கடை வாசலில் பாய் இல்லை, எங்கள் ஆட்கள் இல்லை. ஷட்டரில் முதுகைச் சாய்த்து ஒரே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் தோளில் யாழினி, அழுது அழுது தூங்கியிருந்தாள். அதே கிளிப்பச்சை, அதே கரை.

என் கையில் இருந்த குழந்தை "அம்மா" என்று தாவியது. அவள் ஒரு கையால் தன் பிள்ளையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். இன்னொரு தோளில் யாழினி அப்படியே இருந்தாள்.

"போலீஸ்காரரு எத்தினி தபா நகருன்னு சொன்னாரு தெரியுமா" என்றாள் என்னிடம். "நான் நகரல. எம்புள்ளய மாத்தித் தூக்கினு போனவ தன் புள்ளயத் தேடினு இங்கதான் வருவான்னு நின்னேன். வரலன்னா நான் என்னமா பண்ணுவேன்?"

அவள் புருஷன்தான் அந்தப் பாவாடையை நெய்தவர். தறியில் ஏற்றிய பாவு நூலில் மீதி இருந்தது, நம் பெண்ணுக்கும் ஒன்று என்று முதலாளியிடம் கேட்டு நெய்திருக்கிறார். நான் மோருக்குப் போயிருந்த நேரத்தில், தன் குழந்தையையும் கொஞ்சம் படுக்க வைக்கட்டுமா என்று இவள் கேட்க, எங்கள் ஆட்கள் நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். யாழினி மேல் வெயில் விழுந்ததால் ஒருத்தி அவளைத் தூணுக்குப் பின்னால் நகர்த்திப் போட்டிருக்கிறாள். இவள் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் நான் தூக்கிப்போனதைப் பார்த்து, யாழினி என்னோடு போய்விட்டாள் என்று எங்கள் ஆட்களும் கிளம்பியிருக்கிறார்கள். ஒரு பாவில் ஒரே ஒரு துணியை மட்டும் எவனும் நெய்ய மாட்டான். தறி வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நிறத்தை நம்பியவள் நான்.

யாழினியை வாங்கக் கையை நீட்டினேன். அவள் பின்வாங்கினாள்.

"உங்கிட்ட தரமாட்டேன். இவளப் பெத்தவ வரட்டும்."

பின்னால் நின்ற கூட்டமும் "ஆமா, தராத" என்றது. அவள் கேட்டது நியாயம். அவள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். நித்யாவுக்குப் போன் போட்டேன். நடந்ததையும் நிற்கிற இடத்தையும் சொன்னேன். "விளையாடாதீங்கக்கா" என்றாள் முதலில். அப்புறம் போனை வைத்துவிட்டாள்.

பத்து நிமிஷத்தில் வந்தாள். செருப்பில்லை, கையெல்லாம் உளுந்து மாவு. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து "யாழி" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

தறிக்காரர் மனைவி தோளைத் திருப்பிக்கொண்டாள். காலையிலிருந்து பட்டதில் அவள் யாரையும் நம்பத் தயாராக இல்லை. "உன் புள்ளன்னா அடையாளம் சொல்லு."

"பச்சைப் பாவாடை. அரக்குக் கரை" என்றாள் நித்யா.

"அத எம்புள்ளயும்தான் உடுத்தினு இருக்குது. உடம்புல சொல்லும்மா. மச்சம், தழும்பு, எதுனா."

நித்யா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கண் குழந்தையின் முதுகில் அலைந்தது. போன்கள் அவளைப் பார்த்துத் திரும்பின. பெற்றவள், தன் பிள்ளையின் உடம்பில் ஒரு மச்சம் சொல்லத் தெரியாமல் நடுரோட்டில் நின்றாள்.

நான் சொன்னேன். யோசிக்கவே இல்லை. "வலது முழங்காலுக்குப் பின்னாடி ரெண்டு மச்சம். அரிசி அளவு. பக்கத்துல பக்கத்துல" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்.

தறிக்காரர் மனைவி தன் பிள்ளையை இறக்கி விட்டு, யாழினியின் பாவாடையை விலக்கிப் பார்த்தாள். இரண்டு மச்சம் இருந்தது. "சரிம்மா" என்றாள். சொல்லிவிட்டுக் குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

நித்யா கையை நீட்டியபடியே நின்றாள். நான் சட்டென்று குழந்தையை அவளிடம் கொடுத்தேன். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்கு முன்னால் வழிநெடுக எனக்கு வந்த அதிர்ச்சியெல்லாம் ஒன்றுமில்லை. கூட்டத்தில் யாரோ "அப்ப இந்தம்மா யாரு?" என்று நித்யாவைக் காட்டிக் கேட்டது அவள் காதில் விழுந்தது. என் காதிலும் விழுந்தது.

அடையாளம் கேட்டபோது நித்யா எனக்கு இரண்டடி தூரத்தில்தான் நின்றாள். பக்கத்தில் போய்க் காதில் சொல்லியிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். குழந்தை அவள் கைக்குப் போயிருக்கும். இரண்டடி எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரியும் என்பது அந்த நேரத்தில் எனக்கு இனித்தது. தப்புச் செய்தவள்தான், ஆனாலும் இந்தக் குழந்தையை என்னைவிட யாருக்குத் தெரியும் என்று காட்டிவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த வேலையில் நீங்கள் ஒருநாள் இந்த இடத்துக்கு வருவீர்கள். குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதை நீங்கள் பார்ப்பீர்கள், முதல் வார்த்தையை நீங்கள் கேட்பீர்கள். பெற்றவள் வீடு வந்ததும் அவளுக்கு அது இன்னும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை அவள் கண் முன்னால் நடக்கட்டும், அவளே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லட்டும்.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. யாழினியின் அப்பா, அந்த ஜரிகைக்காரர்கூட "நடந்தது நடந்துபோச்சு, விடுங்க" என்றார். ஒரு வாரம் எப்போதும் போலப் போனது. நித்யா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் வீட்டுல இருந்தே வேலை செய்யலாம்னு கம்பெனில கேட்டுட்டேன். இனிமே நானே பாத்துக்கறேன்."

"புரியுதும்மா. நான் பண்ணது சின்னத் தப்பா."

"நீங்க மாத்தித் தூக்கினு போனத நான் மறந்துடுவேங்கா. யாருக்கும் ஆகக்கூடியதுதான். அந்தம்மா புள்ளய உங்க கையில கொடுத்தாங்களே." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அத என்னால மறக்க முடியல. கண்ண மூடினா அதான் வருது."

துணிமணிகளை எடுத்து வைத்தேன். வாலாஜாபாத்தில் என் தங்கை வீடு இருந்தது, அங்கே போவதாக ஏற்பாடு. பையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். யாழினி நடுக்கூடத்தில் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நித்யா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"போய்ட்டு வரேம்மா" என்றேன்.

"அக்கா, ஒரு நிமிஷம் உட்காருங்க." தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "அவ உடம்புல வேற எங்கெங்க இருக்குதுன்னு சொல்லிட்டுப் போங்க."

பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உச்சந்தலையில் இருக்கிற இரட்டைச் சுழியில் ஆரம்பித்தேன். இடது காது மடலுக்குப் பின்னால் வெளுப்பாக ஒரு புள்ளி. தவழும்போது நிலைப்படியில் இடித்துக்கொண்ட தழும்பு, தாடைக்குக் கீழே. நான் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொரு இடமாக விரலால் தொட்டுப் பார்த்தாள். குழந்தை அசையவில்லை. கால் சுண்டுவிரல் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.